தாடை அசைவைக் கொண்டு வீட்டிலேயே உறக்க மூச்சுத்தடையைக் கண்டறிதல்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அறிய வேண்டியவை

நாணய அளவுள்ள ஒரு சிறு கருவியை முகவாயில் ஒட்டிக்கொண்டு ஓர் இரவு உறங்கினால் போதும், உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்பதை மறுநாளே அறிந்துகொள்ளலாம் என்னும் செய்தி அண்மைக் காலமாகத் திறன்பேசிகளில் பரவி வருகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர் அதைக் காட்டி, "இதை வாங்கிப் பார்க்கலாமா?" என்று வினவுகின்றனர். வினவுவோர் பெரும்பாலும் நோயாளிகள் அல்லர். அவர்களுக்கு அருகில் படுத்து, மூச்சு நின்றுவிட்டதோ என்று அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியரும் மக்களுமே.

அவர்களுக்கான சுருக்கமான விடை இது. செய்தி பொய்யன்று. கீழ்த்தாடையின் அசைவை அளந்து உறக்க மூச்சுத்தடையைக் கண்டறியும் முறை ஆய்வுகளில் நன்கு செயல்பட்டுள்ளது. சில நாடுகளில் நடைமுறைக்கும் வந்துள்ளது. ஆயினும் அது குறட்டை விடும் அனைவருக்குமான பொதுச் சோதனை அன்று. அறிகுறி உள்ளவரை மருத்துவர் பரிசோதித்துப் பரிந்துரைத்த பின்னர் செய்யப்படும்போதுதான் அதன் முடிவுக்கு உரிய பொருள் கிடைக்கும். அக்கருவி கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. முதற்கட்டச் சோதனைக்குத் தேவையானவை நம் வீடுகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஏற்கெனவே உள்ளன.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

உறங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்கிவிடுகின்றன. குறுகிய வழியில் காற்றுச் செல்லும்போது எழும் அதிர்வே குறட்டை. பாதை முற்றிலும் அடைபட்டால் குறட்டை திடீரென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டேயிருக்கும். காற்று மட்டும் உள்ளே செல்லாது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும். அப்போது மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்கும். பெரும் ஓசையுடன் மூச்சு மீளும். உறங்குபவருக்கு இவற்றுள் எதுவும் நினைவில் இராது. இதனையே மருத்துவர்கள் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கின்றனர். இப்பக்கத்தில் உறக்க மூச்சுத்தடை எனக் குறிப்பிடுகிறோம்.

மூச்சு பத்து வினாடிகளுக்குக் குறையாமல் நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அது ஒரு நிகழ்வாகக் கணக்கிடப்படும். மணிக்கு 5 நிகழ்வுகளுக்குக் குறைவாக இருப்பின் இயல்பு. 5 முதல் 15-க்குள் இலேசானது. 15 முதல் 30-க்குள் நடுத்தரமானது. 30-ஐ எட்டினால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை மூச்சு தடைபட்டு மீள்கிறது. இரவு முழுவதும் படுத்திருந்தும் காலையில் தலைவலியுடனும் வறண்ட வாயுடனும் எழுவதும், பகலில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்வதும் இதனால்தான். மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டும் இரத்த அழுத்தம் குறையாதிருத்தல், இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடுதல், பக்கவாதம் ஆகியவற்றுடனும் இதற்குத் தொடர்புண்டு.

புது தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், இந்தியாவில் நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட கணிப்பின்படி, நம் நாட்டில் உழைக்கும் வயதினருள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேருக்கு இக்கோளாறு உள்ளது. அவர்களுள் சுமார் 4.7 கோடிப் பேருக்கு அது நடுத்தர நிலையிலோ கடுமையான நிலையிலோ இருக்கிறது. ஆண்களில் நூற்றுக்கு 13 பேர். பெண்களில் 5 பேர். பெண்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதற்கு உடலமைப்பு ஒரு காரணம். பெண்கள் குறட்டை விடுவதைச் சொல்லவும் கேட்கவும் கூசுவது மற்றொரு காரணம் என்பது என் கருத்து. அவர்கள் மருத்துவரிடம் சோர்வு, தூக்கமின்மை, தலைவலி என்று மட்டுமே கூறுவர்; சத்து மாத்திரையுடன் திரும்புவர். மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கும் இக்கோளாறு மிகுதியாக வருகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சோதனைக்கூடமும் தொலைவும்

இக்கோளாறை உறுதிசெய்யும் முழுமையான சோதனைக்குப் பாலிசோம்னோகிராபி என்று பெயர். நோயாளி ஓர் இரவு சோதனைக்கூடத்தில் உறங்க வேண்டும். மூளை அலைகளுக்காகத் தலையிலும், விழியசைவுக்காகக் கண்களின் ஓரத்திலும், தசை இறுக்கத்துக்காக முகவாயிலும் காலிலும் மின்முனைகள் ஒட்டப்படும். மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் உணரி ஆகியனவும் உண்டு. இரவு முழுவதும் ஒரு தொழில்நுட்பர் விழித்திருந்து கவனிக்க வேண்டும். ஓர் இரவில் ஒரு படுக்கையில் ஒருவருக்கே செய்ய இயலும் என்பதால் பெருநகரங்களிலேயே இதற்குக் காத்திருக்க நேர்கிறது.

நம் மாவட்டத்தின் நிலவியல் இதனை மேலும் கடினமாக்குகிறது. கூடலூரிலிருந்து க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மதுரைக்குச் செல்வதாயின் அதற்கும் அப்பால் நெடுந்தொலைவு. திராட்சைத் தோட்டத்திலோ ஏலத்தோட்டத்திலோ நாட்கூலிக்கு உழைப்பவர், ஓர் இரவு உறங்கிப் பார்ப்பதற்காக இரண்டு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும். துணைக்கு வருபவரும் அவ்வாறே. "குறட்டைக்காகவா இவ்வளவு தூரம்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால் பயணம் அத்துடன் நின்றுவிடும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை இங்கு உண்மையாகவே பொருட்படுத்தத் தக்கதாவது இதனால்தான். மூக்குக் குழாய், மார்புப் பட்டை, விரல் உணரி ஆகியவற்றைக் கொண்ட வீட்டுச் சோதனை பல ஆண்டுகளாகவே வழக்கில் உள்ளது. அதில் ஒரு குறை உண்டு. அது பதிவு நடந்த மொத்த நேரத்தையே கணக்கில் கொள்ளும்; நோயாளி எத்தனை மணி நேரம் மெய்யாக உறங்கினார் என்பதை அறியாது. எட்டு மணி நேரப் பதிவில் நான்கு மணி நேரம் புரண்டுகொண்டே விழித்திருந்தவருக்கு நிகழ்வுகளின் விகிதம் பாதியாகத் தோன்றும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாடை எதைக் காட்டுகிறது?

கீழ்த்தாடையை இயக்கும் தசைகள் டிரைஜெமினல் என்னும் நரம்பின் ஆளுகையில் உள்ளன. மூளைத்தண்டில் அந்நரம்பின் மையம், மூச்சை நடத்தும் மையங்களின் கட்டளைகளையும் பெறுகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் தாடை மிக நுண்ணிய அளவில் அசைகிறது. கண்ணால் காண்பது அரிது. மூச்சுப்பாதை குறுகி, மூச்சிழுக்கும் முயற்சி கூடும்போது அவ்வசைவும் பெரிதாகிறது. வாய் சற்றே திறந்து தாடை கீழிறங்குகிறது. மூளை விழித்து அடைப்பு நீங்கும் கணத்தில் தாடை சட்டென மூடிக்கொள்கிறது. குறட்டை விடுபவரின் முகத்தை இரவில் விளக்கொளியில் சிறிது நேரம் பார்த்திருந்தோர் இதனைத் தாமே கண்டிருப்பர்.

முகவாயில் (நம் பகுதி வழக்கில் நாடியில்) ஒட்டப்படும் கருவியினுள், திறன்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புவதற்குக் காரணமான அதே வகை உணரிகள் உள்ளன. அவை அசைவையும் சுழற்சியையும் இரவு முழுவதும் பதிவுசெய்து திறன்பேசிக்கு அனுப்புகின்றன. பதிவு இணையவழிச் சென்று கணினி நிரலால் பகுக்கப்பட்டு மருத்துவரின் பார்வைக்கு வருகிறது. பெல்ஜியத்தில் உருவான ‘சன்ரைஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. அந்நாட்டிலேயே உருவான ‘பிரிஸி’ என்னும் மற்றொரு கருவி, நெற்றியிலும் முகவாயிலும் வைக்கப்படும் இரு உணரிகளுக்கு இடையிலான தொலைவைக் காந்தப்புலத்தின் வழியே அளக்கிறது. இப்பெயர்கள் விளக்கத்துக்காகவே இங்குக் கூறப்பட்டன. எதனையும் வாங்குமாறு இப்பக்கம் பரிந்துரைக்கவில்லை.

இம்முறையின் சிறப்பு இரண்டு இடங்களில் தெரிகிறது. விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் தாடை வெவ்வேறு விதமாக அசைவதால், நோயாளி உறங்கிய நேரத்தை இது ஓரளவு கணிக்கிறது; மேலே கூறிய குறை இங்குக் குறைகிறது. அடுத்து, இது அணிந்திருப்பவரின் அசைவை மட்டுமே அறியும். குறட்டை ஒலியைப் பதிவுசெய்யும் செயலிகளால் நம் வீடுகளில் பெரும்பயன் விளைவதில்லை. ஒரே அறையில் நால்வர் உறங்கும் வீட்டிலும், பலர் சேர்ந்து தங்கும் தோட்டக் குடியிருப்பிலும் பதிவான குறட்டை யாருடையது என்பதை எவ்வாறு பிரித்தறிவது? ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழி வீசும் காற்றில் தகரக் கூரை எழுப்பும் ஓசையும் அதில் சேர்ந்துகொள்ளும். முகவாய் உணரிக்கு இவற்றால் இடையூறு இல்லை.

குறைகளும் உண்டு. தாடை அசைவை மட்டும் அளக்கும் கருவி இரத்த ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்பதை நேரடியாகக் காட்டாது; அதற்கு விரல் உணரி தனியே தேவை. அடர்ந்த தாடியில் ஒட்டு பிடிக்காது. கார்த்திகை, மார்கழியில் மாலையணிந்து விரதம் இருப்போர் சோதனையைத் தை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருத்துவரைக் காண்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆய்வுகள் எதுவரை துணைநிற்கின்றன?

பெல்ஜியத்தின் நமூர் நகரில், மூச்சுத்தடை இருக்கலாம் என ஐயுற்று அனுப்பப்பட்ட 376 பேருக்கு முழுமையான சோதனையும் தாடை அசைவுச் சோதனையும் ஒரே இரவில் செய்யப்பட்டன. 2020-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான அம்முடிவுகளின்படி இரண்டும் பெரிதும் ஒத்துப்போயின. 2022-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அக்கருவிக்கு அனுமதியளித்தது. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் ‘நைஸ்’ நிறுவனம் 2024 இறுதியில் பரிந்துரைத்த வீட்டுச் சோதனைக் கருவிகளுள் தாடை அசைவை அளக்கும் ஒன்றும் இடம்பெற்றது.

இவற்றுள் நோயாளிகள் கவனிக்க வேண்டிய சொற்றொடர் ஒன்று உண்டு: ‘ஐயுற்று அனுப்பப்பட்டவர்கள்’. அந்த 376 பேரும் தெருவில் செல்லும் எவரோ அல்லர். மருத்துவர் ஒருவர் முன்பே வடிகட்டி அனுப்பியவர்கள். இது ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு சோதனை, நோயுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற நூறு பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று கொள்வோம். அறிகுறியுடன் வந்த நூறு பேரில் 60 பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தால், சோதனை 58 பேருக்கு ‘உண்டு’ என்னும். அவர்களுள் தவறாகச் சுட்டப்பட்டவர்கள் நால்வரே. அதே சோதனையை அறிகுறி எதுவும் பாராமல் ஓர் ஊரில் நூறு பேருக்குச் செய்கிறோம். அவர்களுள் பத்துப் பேருக்கே நோய் உண்டு என வைத்துக்கொள்வோம். இப்போது ‘உண்டு’ என்னும் முடிவு 18 பேருக்கு வரும்; அவர்களுள் ஒன்பது பேர் நோயற்றவர்கள். கருவி மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது.

அறிகுறியற்ற பெரியவர்கள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்வதால் நன்மையா தீமையா என்று கூறுவதற்குச் சான்றுகள் போதவில்லை என, அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் அறிவித்ததும் இதையொட்டியே. முகாம் நடத்தி அனைவருக்கும் ஒட்டிப் பார்க்கும் ஆர்வம் நம்மிடையே எழுமாயின் இதனை முன்வைக்க வேண்டும்.

மறுதலையான தவறு இதனினும் ஆபத்தானது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், நோயுள்ள 60 பேரில் ஆறு பேருக்கு ‘இல்லை’ என்று முடிவு வந்தது. அறிகுறிகள் தெளிவாக இருந்தும் வீட்டுச் சோதனை இயல்பாக வந்தால், அதனை இறுதி முடிவாகக் கொள்ளாமல் முழுமையான சோதனைக்கு அனுப்புவதே சரியான முறை. "கருவியே ஒன்றுமில்லை என்றுவிட்டது" என்று கூறி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

கைக்கடிகாரங்களைப் பற்றியும் கேட்கின்றனர். 2024-இல் சாம்சங், ஆப்பிள் நிறுவனங்களின் கடிகாரங்களில் மூச்சுத்தடைக்கான எச்சரிக்கை வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. அவை எச்சரிக்கை தருபவை. நோயை உறுதிசெய்பவை அல்ல. எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்டலாம். வராததைக் கொண்டு நிம்மதியடைய இடமில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பகலில் விரலில் மாட்டி 98 என்று காட்டுவதும் இவ்வகையில் எதையும் உணர்த்தாது. விழித்திருக்கும்போது இந்நோயாளிகளுள் பலருக்கு ஆக்சிஜன் இயல்பாகவே இருக்கும்.

இன்றே செய்யக்கூடியது

கனடாவின் டொரண்டோவில் மயக்கவியல் மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ என்னும் எட்டு வினாக்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றுக்கு ஓர் அளவு நாடாவும், இரத்த அழுத்தமானியும், உறங்குபவரை அறிந்த ஒருவரும் போதும். மூடிய கதவுக்கு அப்பால் கேட்கும் அளவுக்குக் குறட்டையா? பகலில் அடிக்கடி சோர்வோ உறக்கமோ வருகிறதா? உறக்கத்தில் மூச்சு நிற்பதையோ திணறுவதையோ யாரேனும் கண்டதுண்டா? இரத்த அழுத்தம் உள்ளதா? உடல் நிறை எண் 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? ஆம் என்னும் விடை மூன்று அல்லது நான்கு இருப்பின் வாய்ப்பு நடுத்தரமானது. ஐந்தும் அதற்கு மேலும் இருப்பின் மிகுதி.

இவற்றுள் 35 என்னும் உடல் நிறை எண் நம் மக்களுக்கு மிக உயர்ந்த வரம்பு. நம்மவர்க்கு அவ்வளவு பருமன் இல்லாமலே இக்கோளாறு வருகிறது. கீழ்த்தாடை சிறுத்தோ பின்னடைந்தோ இருப்பவர் ஒல்லியாக இருந்தாலும் வரலாம். "நான் குண்டாக இல்லையே" என்பதை ஒரு மறுப்பாகக் கொள்ள வேண்டாம். தைராய்டு சுரப்புக் குறைவு, இரவில் மது அருந்துதல், நெடுநாள் மூக்கடைப்பு ஆகியவையும் இதனை மிகுவிக்கும்.

எட்டு வினாக்களுள் மிகுந்த பொருளுடையது மூன்றாவது என்பேன். அதற்கு விடை கூறத்தக்கவர் நோயாளி அல்லர், உடன் உறங்குபவர். எனவே மருத்துவரிடம் வரும்போது அவரையும் அழைத்து வர வேண்டும். இயலாவிடில், மல்லாந்து உறங்கும் வேளையில் முகமும் மார்பும் தெரியுமாறு இரண்டு மூன்று நிமிடக் காணொளி எடுத்து வரலாம். குறட்டை நிற்பதும், மார்பு மட்டும் ஏறி இறங்குவதும், பின் திணறலுடன் மூச்சு மீள்வதும் அதில் தெரிந்தால் மருத்துவருக்கு அது பெருந்துணை. நோயாளியின் இசைவு பெற்றே எடுக்க வேண்டும். குடும்பக் குழுக்களில் பகிர்ந்து நகையாடுவதற்காக அன்று. குறட்டையைக் கேலிக்குரியதாக்கிய வீடுகளில் நோயாளி தம் சோர்வைச் சொல்வதே இல்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது முதல், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. மூன்று வகை மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் தம் குறட்டையைப் பற்றியும் பகல் உறக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். நான்காவது மாத்திரையைச் சேர்க்குமுன் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

வாகனம் ஓட்டுவோர்

இம்மாவட்டத்தில் இக்கோளாறு நோயாளி ஒருவருடன் நின்றுவிடுவதில்லை. விடியுமுன்னே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளிச் சாலைகளில் ஜீப்புகள் மலையேறுகின்றன. காய்கறியும் திராட்சையும் ஏற்றிய சரக்கு வாகனங்கள் இரவெல்லாம் ஓடுகின்றன. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரின் கண் இரண்டு வினாடி மூடினாலும் அதன் விளைவு பின்னிருக்கையில் இருப்போர் அனைவரையும் சாரும்.

வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்காக மருத்துவர் கையொப்பமிடும் படிவம் பார்வை, செவித்திறன், உறுப்புக் குறைபாடு ஆகியவற்றை வினவுகிறது. அப்படிவங்களில் கையொப்பமிட்டு வருபவன் என்ற முறையில் கூறுகிறேன்: உறக்கத்தைப் பற்றி மருத்துவர் தாமாகக் கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் உண்மையான விடை கிடைப்பது அரிது. "சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்களோ" என்னும் அச்சம் இயல்பானது. பிழைப்பு அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் இந்நோயால் மிகை உறக்கம் உள்ளவர் அது கட்டுக்குள் வரும்வரை வாகனம் ஓட்டக்கூடாது. கட்டுக்குள் வந்ததும் மீண்டும் ஓட்டலாம். ஓட்டுநர்கள் கருத வேண்டியது இந்தப் பிற்பகுதியை. மூட்டுவலியோ முதுகுவலியோ தொழிலை விட்டு விலக்கிய அளவுக்கு இது விலக்க வேண்டியதில்லை. சிகிச்சை முறையாக நடந்தால் சில நாட்களிலேயே பகல் உறக்கம் குறைவதைப் பலர் உணர்கின்றனர்.

ஓட்டும்போது கண்ணயர்ந்த அனுபவம் ஒரு முறை நேர்ந்திருந்தாலும், சோதனைக்கு நாள் குறிக்கும்வரை இரவு ஓட்டத்தையும் மலைப்பாதை ஓட்டத்தையும் தவிர்க்க வேண்டும். தேநீரும் சன்னல் காற்றும் சிறிது நேரத்துக்கு மேல் உதவா.

வீட்டுச் சோதனை எவருக்குப் பொருந்தாது?

இதயச் செயலிழப்பு, நாட்பட்ட கடும் நுரையீரல் நோய், பக்கவாதம், தசை அல்லது நரம்புத் தளர்ச்சி நோய் உடையோர்க்கும், அபின் வகை வலி நிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்வோர்க்கும், கடும் தூக்கமின்மை உடையோர்க்கும் வீட்டுச் சோதனை போதாது. இவர்களுக்குத் தொண்டை அடைபடாமல், மூச்சிழுக்கும் கட்டளையையே மூளை இடையிடையே நிறுத்திவிடும் மற்றொரு வகைத் தடையும் வரக்கூடும். அதன் சிகிச்சையும் வேறு. குழந்தைகளுக்கும் இக்கருவிகள் உரியவை அல்ல. குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிட்டு, பள்ளியில் கவனமின்றி இருக்கும் குழந்தையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் டான்சில், அடினாய்டு வீக்கமே காரணமாக இருக்கும்.

இணையத்தில் வாங்க எண்ணுவோர்க்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துகளுக்கான சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டுள்ளன. கருவியின் உறையில் உரிம எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் உள்ளனவா என்று பாருங்கள். உறக்கப் பதிவு எந்த நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது, அறிக்கையில் கையொப்பமிடும் மருத்துவர் யார் என்பவற்றையும் கேட்டறியுங்கள். இவ்விரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்காவிடில் வாங்க வேண்டாம்.

முடிவு வந்த பின்னர்

சோதனை இரவில் மது அருந்தாமலும், வழக்கமான மாத்திரைகளை மருத்துவர் கூறாமல் நிறுத்தாமலும், வழக்கமான நேரத்தில் உறங்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியிருந்தால் மற்றோர் இரவு செய்வது நலம்.

நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு முதன்மைச் சிகிச்சை சிபாப் கருவி. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் இக்கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். இதனைப் பற்றி மிகையாகக் கூறலாகாது. இதய நோயோ மூளை இரத்தநாள நோயோ உள்ள 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில், சிபாப் பயன்படுத்தியோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் உறக்கமும் குறட்டையும் குறைந்தன. வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அவர்கள் சராசரியாக இரவில் 3.3 மணி நேரமே கருவியை அணிந்திருந்தனர் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். முகமூடி முதல் வாரத்தில் உறுத்தும். அளவு பொருந்தாமையே பெரும்பாலும் காரணம். கழற்றிப் பரணில் போடுமுன் மருத்துவரிடம் வந்து மாற்றிக்கொள்ளலாம்.

இலேசான நிலையில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நிகழ்வுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு வியக்கத்தக்க பயன் தரும். கீழ்த்தாடையைச் சற்று முன்னிழுத்து வைக்கும் பல்கவசத்தைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். நோயைக் காட்டிக்கொடுக்கும் தாடையே இங்குச் சிகிச்சைக்கும் வழியாகிறது.

மயக்க மருந்து தந்து செய்யும் எந்த அறுவைக்கு முன்னரும், கண்டறியப்பட்ட மூச்சுத்தடையையும், கண்டறியப்படாத கடும் குறட்டையையும் மயக்கவியல் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். சிபாப் கருவி இருப்பின் மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள். முதற்கட்டப் பரிசோதனைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், பெரியகுளம் அரசு மருத்துவமனைகளையோ அணுகலாம். மேலும் விவரங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.